ஜப்பானில் ஹோம்ஸ்டே: விருந்தாளியாகப் போய் வீட்டுப் பிள்ளையாக ஆக ஒரு முழுமையான வழிகாட்டி

பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குக் கிளம்பும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களுக்குத்தான் தயாராகிறார்கள்: மொழி, சாப்பாடு. இரண்டும் முக்கியம்தான். ஆனால் ஓரளவு மொழி தெரிந்து, சாப்பாடும் ஒத்துப்போய், அப்படியும் ஒரு வருடம் முழுக்க அந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் தப்பு எதுவும் செய்வதில்லை. கூப்பிட்டால் சாப்பிட வருவார்கள், நன்றி சொல்வார்கள், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தக் குடும்பமும் அவர்களை நன்றாகவே கவனித்துக்கொள்ளும். யாருக்கும் யாரையும் தெரியாமலே வருடம் முடிந்துவிடும்.

இந்த வழிகாட்டி அதைத் தவிர்ப்பதற்காகத்தான். பரிசு, புன்னகை, பணிவு எல்லாம் வாசல்வரை கொண்டுபோகும். அதற்கு உள்ளே போக, அந்த வீட்டின் அன்றாட வேலையிலும் ஒழுங்கிலும் உங்களுக்கென்று ஒரு பங்கு வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தப் பங்கை எப்படிப் பெறுவது என்பதைப் பற்றியது.

படி 1: எந்த மாதிரி வீட்டுக்குப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ஹோம்ஸ்டேயும் ஒன்று அல்ல. ஏஎஃப்எஸ் அமைப்பு முதல் உலகப் போரில், 1915இல், ஆம்புலன்ஸ் ஓட்டும் தொண்டர்களின் குழுவாகத் தொடங்கியது. இரண்டாவது போர் முடிந்தபின் 1947இல் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றம் 15 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கானது. இந்த இரண்டிலும் ஹோஸ்ட் குடும்பத்துக்குப் பணம் கிடையாது. தங்கள் வீட்டில் ஒரு கட்டில், தங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு இடம் என்று விரும்பித் தருகிறார்கள். ரோட்டரியில் வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு மாறுவது வழக்கம் என்பதால், இந்தப் படிகளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தயாராக இருங்கள். மொழிப் பள்ளிகள் ஏற்பாடு செய்யும் ஹோம்ஸ்டேயில் குடும்பத்துக்குக் கட்டணம் உண்டு. அரசு நடத்தும் குறுகிய காலப் பயணங்களில் ஓரிரு இரவு மட்டுமே ஒரு வீட்டில் தங்குவீர்கள். அப்படிப் போகிறவர்களுக்கு 2, 3, 4, 5, 8 ஆகிய படிகளே போதும்.

படி 2: கிளம்பும் முன் ஒரு கடிதம்

குடும்பத்தின் விவரம் கைக்கு வந்த வாரமே எழுதுங்கள். எளிய ஆங்கிலத்தில் எழுதி, முடிந்தால் நான்கு வரி ஜப்பானிய மொழியிலும் சேருங்கள். அதில் மதிப்பெண்ணும் வாங்கிய கோப்பையும் வேண்டாம். உங்கள் தெரு, வீட்டில் யார் யார், காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், என்ன பிடிக்கும், எதற்குப் பயம். நாய் என்றால் பயமா? இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டில் நாய் இருக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தைத்தான் கூச்சமில்லாமல் விரிவாக எழுத வேண்டும். “நான் சைவம்” என்ற ஒரு வரி ஜப்பானில் பற்றாது. அங்கே சூப், குழம்பு, வேகவைத்த காய் என்று பாதிச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலில் எடுப்பது. தட்டில் மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாததால், அது அசைவம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. கடையில் கிடைக்கும் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். ஆகவே உங்கள் எல்லை எது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். இறைச்சித் துண்டு மட்டும் வேண்டாமா, மீன் சாறும் கூடாதா, முட்டை பரவாயில்லையா? மீன் சாறும் கூடாது என்றால் கொம்பு என்னும் கடல்பாசியிலும் ஷியிதாகே காளானிலும் தாஷி எடுக்க முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது ஜப்பானியப் புத்த மடங்களின் சமையலில் காலங்காலமாக உள்ள முறை. ஹோஸ்ட் அம்மாவுக்குத் தெரிந்த வழியாகவே இருக்கும். முஸ்லிம் மாணவர்கள் பன்றியிறைச்சியோடு மிரின் என்னும் சமையல் மதுவையும் குறிப்பிட வேண்டும். தொழுகைக்கு ஒரு மூலை போதும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இப்படி எழுதினால் பாரமாகிவிடுவோமோ என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. ஆசையாகச் சமைத்து வைத்த முதல் விருந்தை நீங்கள் தொடாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்த அம்மாவுக்குப் பாரம்.

படி 3: பெட்டியில் என்ன, பரிசு என்ன

விலை உயர்ந்த பரிசு வேண்டாம். ஜப்பானில் பரிசு வாங்கினால் ஈடாக ஏதாவது திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணம் வலுவானது. பட்டுப் புடவையைக் கொடுத்து அவர்களைச் சங்கடத்தில் விடாதீர்கள். எல்லோரும் பகிர்ந்து தின்னக்கூடிய, தனித்தனியாகச் சுற்றப்பட்ட பொருள் நல்லது. கோவில்பட்டி கடலை மிட்டாய், நீலகிரித் தேயிலை, காரம் குறைந்த முறுக்கு. நம் பால் இனிப்புகள் அங்குள்ள நாக்குக்கு மிகவும் திகட்டும்.

வீட்டில் நிலைத்திருக்கும்படி ஒன்று கொடுக்க நினைத்தால், பத்தமடைப் பாயில் செய்த சின்ன விரிப்பை நான் சொல்வேன். திருநெல்வேலிச் சீமையில் கோரைப்புல்லில் நெய்வது அது. ஜப்பானிய அறைகளின் தரையில் கிடக்கும் தாதாமி என்னும் பாயின் மேல்பரப்பும் கோரை போன்ற ஒரு புல்தான். கையில் வாங்கியதும் தடவிப் பார்ப்பார்கள். அங்கிருந்து பேச்சு தானாகத் தொடங்கும். எதுவானாலும் இரண்டு கையாலும் கொடுங்கள், நான்கு என்ற எண்ணிக்கையில் கொடுக்காதீர்கள். உங்கள் எதிரில் பிரிக்காமல் உள்ளே வைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமல்ல, அதுதான் அங்கே மரியாதை.

எடுத்துப் போகக் கூடாதவையும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய், எந்த வகை இறைச்சிப் பொருளும் விமான நிலையத்தில் சிக்கலாகும். அரிசி, பருப்புக்கும் தாவரச் சோதனை விதிகள் உண்டு. அவற்றை அங்கேயே இந்தியக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். தோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் நம்மவர்கள் நிறைய இருப்பதால் கடைகளும் உண்டு. இணையத்தில் ஆர்டர் செய்தாலும் வீடு வந்து சேரும். மருந்தில் கவனம்: கோடீன் உள்ள இருமல் மருந்துக்கும், சூடோஎபிட்ரின் உள்ள சளி மாத்திரைக்கும் ஜப்பானில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக் இரண்டு தட்டைக் கம்பி. போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும்.

படி 4: முதல் நாள், வாசலிலிருந்து குளியலறை வரை

வாசலில் கென்கான் என்ற தாழ்ந்த இடம் இருக்கும். செருப்பை அங்கே கழற்றி, உயரத்தில் ஏறி, பிறகு குனிந்து செருப்பின் முனை வெளியைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். வீட்டுக்குள் ஸ்லிப்பர் உண்டு. தாதாமி விரித்த அறைக்குள் அதுவும் கூடாது, வெறுங்காலோ சாக்ஸோ மட்டும். கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர். அதைப் போட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்துவிடாதீர்கள். தாதாமி அறையின் ஒரு பக்கம் படமோ பூவோ வைத்த மாடம் மாதிரி இருந்தால் அங்கே பெட்டியை வைக்கக் கூடாது.

குளியலைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். நம் ஊர்ப் பழக்கமும் அவர்கள் பழக்கமும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். இதைப் பற்றி அவர்களாக வாய் திறந்து குறை சொல்லவும் மாட்டார்கள்.

ஜப்பானில் குளிப்பது பெரும்பாலும் இரவில். தொட்டியில் 40 டிகிரியை ஒட்டிய வெந்நீர் நிரம்பியிருக்கும். அது அழுக்குப் போகக் குளிப்பதற்கான தண்ணீர் அல்ல. தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு, ஷாம்பு எல்லாம் போட்டு, நுரை துளியும் இல்லாமல் அலசியபிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில்தான் அமிழ்வார்கள். அதனால் உள்ளே சோப்போ துண்டோ கூடாது. முடி விழுந்தால் எடுத்துவிடுங்கள். எழுந்ததும் அடைப்பைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடாதீர்கள், மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள். பல வீடுகளில் மிச்சத் தண்ணீரைக் குழாய் வைத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எடுப்பார்கள்.

இங்கே தலை எண்ணெய் ஒரு தனிப் பிரச்சினை. எண்ணெய்த் தலையோடு தொட்டியில் இறங்கினால் தண்ணீர் மேல் படலம் மிதக்கும், அடுத்து வருபவர் அதில்தான் உட்கார வேண்டும். எண்ணெய் தேய்ப்பதை விட வேண்டாம். நன்றாக அலசிவிட்டு இறங்குங்கள், அல்லது ஷவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையணை மேல் உங்கள் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். காலையில் குளிக்காமல் சாமி கும்பிட முடியாது, பள்ளிக்குப் போக முடியாது என்றால், “காலையில் ஐந்து நிமிடம் ஷவர் எடுக்கலாமா” என்று முன்பே கேட்டுவிடுங்கள். காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கழிப்பறை தனி அறையாக இருக்கும், தரையில் தண்ணீர் போகும் வழி இருக்காது. வாளி, கோப்பை, கால் கழுவுவது எதுவும் அங்கே நடக்காது. தரை எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் பீய்ச்சும் இருக்கை உண்டு என்பதால் நம்மவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. பொத்தான்களை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழுகைக்கு முன் ஒளு (கை, முகம், கால் கழுவுவது) செய்பவர்கள் முகம் கழுவும் இடத்தில் செய்துவிட்டுச் சிந்திய தண்ணீரை உடனே துடைத்துவிடலாம்.

முதல் இரவு உங்களைத்தான் முதலில் குளிக்கச் சொல்வார்கள். மறுக்காமல் போங்கள். சில நாள் கழித்து, “நான் பிறகு போகிறேன்” என்று சொல்லி வீட்டு வரிசைக்குள் நுழைந்துகொள்ளுங்கள். விருந்தாளிக்குரிய முதல் இடத்தை நீங்களாகவே விட்டுக்கொடுக்கும் முதல் சந்தர்ப்பம் இது.

படி 5: ஐந்து வாழ்த்துகள், தினமும், சத்தமாக

வெளியே போகும்போது “இத்தே கிமாஸ்”, நாம் போயிட்டு வர்றேன் என்பது போல. திரும்பி வந்ததும் “ததாய்மா”. சாப்பிடும் முன் கைகூப்பி “இததாகிமாஸ்”, முடித்ததும் “கோச்சிசோசமா”. தூங்கப் போகும்போது “ஒயாசுமி நசாய்”. வீட்டில் ஒருவர் கண்ணில் படாவிட்டாலும் வாசலில் நின்று “ததாய்மா” சொல்லுங்கள். உள்ளேயிருந்து “ஒகாயேரி” என்று பதில் வரும். இலக்கணம் தடுமாறினாலும் இந்த ஐந்தும் தவறக் கூடாது.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாளே கேளுங்கள். சில வீடுகளில் அம்மாவை ஒகாசான், அப்பாவை ஒதோசான் என்று கூப்பிடுவது பிடிக்கும். சில வீடுகளில் பெயரோடு சான் சேர்த்தால் போதும் என்பார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் உங்களை அக்கா, அண்ணா என்று கூப்பிடக் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகள் இதை இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டு மேசையில் சிலவற்றை நினைவில் வையுங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டுவைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள், தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது செய்வது அது. கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடலாம், நூடுல்ஸை உறிஞ்சலாம். மேசையில் மூக்குச் சிந்த மட்டும் கூடாது. சோற்றை மிச்சம் வைப்பது அவர்களை உறுத்தும், ஆகவே பரிமாறும் முன்பே கொஞ்சமாகக் கேளுங்கள்.

படி 6: வீட்டில் ஒரு வேலையை உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

“ஏதாவது உதவட்டுமா?” என்று பொதுவாகக் கேட்டால் “வேண்டாம், பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். நம் வீட்டுக்கு வந்தவர் கேட்டாலும் நாம் அப்படித்தான் சொல்வோம். குறிப்பாகக் கேளுங்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லோருடைய கிண்ணத்தையும் எடுத்துச் சிங்க்கில் வைத்துவிட்டு, துண்டைக் கையில் எடுத்து, “நான் துடைக்கிறேன்” என்று அவர் பக்கத்தில் நில்லுங்கள். முதல் நாள் தடுப்பார். மூன்றாவது நாள் எந்தத் தட்டு எங்கே போக வேண்டும் என்று சொல்லித்தருவார். இரண்டு வாரத்தில் அது உங்கள் வேலையாகிவிடும். சிங்க் பக்கத்தில் நிற்கும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் உங்களுடைய உண்மையான மொழி வகுப்பு. இருவரும் கையை, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பேச்சில் கூச்சம் இருக்காது.

குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது பல வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் போட்ட மெத்தையை எடுத்து வைப்பது, துணி மடிப்பது, நாயை நடக்கக் கூட்டிப்போவது எதுவானாலும் சரி, தினமும் நீங்களே செய்வதாக இருக்க வேண்டும். பள்ளிக்கு பெந்தோ என்னும் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தால், திரும்பி வந்ததும் அந்த டப்பாவை நீங்களே எடுத்துக் கழுவி வைக்க வேண்டும். பையிலேயே மறந்து மறுநாள் காலையில் கொடுத்தால், விடியலில் எழுந்து சமைத்தவருக்கு அது மிகவும் வருத்தம்.

ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தட்டை எடுத்து வைக்காமலே வளர்ந்திருந்தால், கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே நம் வீட்டிலேயே பழகிவிடுங்கள். அம்மாக்களே, பழக்கி அனுப்புங்கள்.

குப்பை இன்னொரு நல்ல வேலை, ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும். எரியும் குப்பை, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில், காகிதம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய கிழமையில் மட்டுமே வெளியே வைக்கலாம். விதி ஊருக்கு ஊர் மாறும். தொகுஷிமா மாநிலத்தின் கமிகட்சு என்ற சிற்றூரில் 40க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். குடித்த பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியையும் மேல் காகிதத்தையும் கழற்றி, அலசிப் போடுவது பெரும்பாலும் எல்லா ஊரிலும் உண்டு. குப்பை தப்பாகப் போனால் பெயர் கெடுவது அந்தக் குடும்பத்துக்கு. அக்கம்பக்கத்தார் அவர்களைத்தான் பார்ப்பார்கள்.

படி 7: அறையை விட்டு வெளியே இருங்கள்

வீட்டுப்பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் செய்யுங்கள். குளிர்காலத்தில் பல வீடுகளில் ஒரே அறைதான் சூடாக இருக்கும், கீழே சூடேற்றி மேலே போர்வை போட்ட கொதாட்சு மேசையைச் சுற்றித்தான் எல்லோரும் இருப்பார்கள். அங்கே போய் உட்காருங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை. டிவி நிகழ்ச்சிகளில் திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும், கேட்டு எழுத்தைப் பழக அதைவிட நல்ல வழி கிடையாது.

போன் விஷயத்தில் கறாராக இருங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே அம்மா வேலை முடித்து இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றரை. சுவர்கள் மெல்லியவை, நம் குரலோ பெரியது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொண்டால் இங்கே மதியம் ஒன்றரை, எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் மாதத்தில் ஒருநாள் அந்த அழைப்பை ஹாலுக்குக் கொண்டுவந்து இரண்டு அம்மாக்களையும் பேசவிடுங்கள். நீங்கள் நடுவில் மொழிபெயருங்கள். தன் பிள்ளையை யாரிடம் விட்டிருக்கிறோம் என்று இந்த அம்மாவும், இந்தப் பிள்ளை யாருடையது என்று அந்த அம்மாவும் முகம் பார்த்துக்கொண்டால், இரண்டு பக்கமும் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

தாத்தா பாட்டி இருக்கும் வீடு கிடைத்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். அவர்களிடம் நேரம் இருக்கிறது, தப்பாகப் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார்கள். காலை 6.30க்கு என்எச்கே வானொலியில் உடற்பயிற்சி இசை வரும். 1928இல் தொடங்கிய வழக்கம் அது. தாத்தா அதற்குக் கை வீசுகிறவராக இருந்தால் நீங்களும் பக்கத்தில் நின்று வீசுங்கள். தோட்டத்தில் பாட்டி களை எடுத்தால் நீங்களும் குனியுங்கள்.

படி 8: சொல்லாமல் சொல்வதைக் கேட்கப் பழகுங்கள்

“நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வரலாமா?” என்று கேட்கிறீர்கள். அவர் தலையைச் சாய்த்து, மூச்சை இழுத்து, “ச்சொத்தோ…” என்று நிறுத்துகிறார். அது வேண்டாம் என்ற பதில். மறுபடி கேட்டு அவரை நெருக்காதீர்கள். “இன்று வெளியே ரொம்பக் குளிராக இருக்குமே” என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ என்றும் இருக்கலாம், இன்று போக வேண்டாம் என்றும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஆம், இல்லை கேள்வியாகக் கேட்காமல், “எது நல்லது?” என்று தேர்வை அவரிடம் விடுங்கள். பதில் தெளிவாக வரும்.

அதேபோல் சில கேள்விகளை முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக் கேட்டுவிடுவது நல்லது: இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், எந்தத் துணியை எந்தக் கூடையில் போட வேண்டும், பிரிட்ஜில் எதை எடுக்கலாம், நிலநடுக்கம் வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும், அவசரப் பை எங்கே இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீஸுக்கு 110.

சாப்பாட்டுக்குத் தாமதம் ஆகும் என்றால் சமைக்கத் தொடங்கும் முன் செய்தி அனுப்புங்கள். ஹோஸ்ட் குடும்பங்கள் உள்ளுக்குள் வருந்தும் விஷயங்களில் இது முக்கியமானது. ஆறிப்போன சாப்பாடு முன்னால் ஒரு குடும்பம் காத்திருக்கும். வீட்டுப் படத்தையோ பிள்ளைகள் படத்தையோ கேட்காமல் இணையத்தில் போடுவதும் வேண்டாம்.

படி 9: நீங்கள் சமைக்கும் நாள்

ஒரு மாதம் கழித்து, சனி ஞாயிறில், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. பலர் பிரியாணியோ காரக்குழம்போ செய்யப் போய்த் திணறுகிறார்கள். என் யோசனை வெண்பொங்கல். ஜப்பானிய அரிசி இயல்பாகவே குழையும், ஒட்டும். புலாவுக்குச் சரிவராத அந்தக் குணம் பொங்கலுக்கு வரம். அரிசிக் கஞ்சி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அதன் பதமும் புதிதல்ல. மிளகை முழுசாகப் போடாமல் தூளாகக் கொஞ்சம். கூடவே தக்காளி ரசம், காரம் பாதி. சூப் இல்லாமல் சாப்பாடே இல்லாத வீடு அது. பிள்ளைகள் இருந்தால் சப்பாத்தி உருட்டக் கொடுங்கள், வட்டம் வராவிட்டால் இன்னும் சந்தோஷம்.

தாளிப்புப் புகைதான் எச்சரிக்கை. புகை உறிஞ்சியை முழு வேகத்தில் வைத்து, தாதாமி அறையின் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். அந்தப் பாயில் வாசனை ஏறினால் லேசில் போகாது. முடிந்ததும் அடுப்பையும் சுவரையும் துடைத்து, வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். கையால் சாப்பிடுவதை அன்று காட்டுங்கள், விருப்பமுள்ளவர்கள் கூட உட்காரட்டும்.

படி 10: பண்டிகைகள்

மார்ச் 3இல் ஹினாமட்சுரி. சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை அடுக்குவார்கள். பெண் பிள்ளை உள்ள வீடாக இருந்தால் அடுக்கும்போதே கூட உட்கார்ந்து, நம் கொலுப் படத்தைக் காட்டுங்கள். அதன் பிறகு உங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. ஆகஸ்ட் நடுவில் பல ஊர்களில் ஓபோன், முன்னோர் வீடு திரும்புவதாக நம்பி வரவேற்கும் நாட்கள். ஆடி அமாவாசை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் புட்சுதான் என்ற பூசை அலமாரி இருந்தால், “நானும் கும்பிடலாமா?” என்று கேளுங்கள். ஊதுபத்தி ஏற்றி, மணியை மெதுவாகத் தட்டி, கைகூப்பினால் போதும். அங்கே இறந்தவரின் படம் இருந்தால், அவரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

பொங்கலும் தீபாவளியும் அங்கே சாதாரணப் பள்ளி நாளாகத்தான் வரும். வாசலில் சாக்பீஸில் ஒரு சின்னக் கோலம் போடக் கேட்டுக்கொள்ளுங்கள். மனசு லேசாகும்.

படி 11: சரிவராதபோது

மூன்றாவது மாதம் பலருக்குக் கஷ்டமானது. புதுமை தீர்ந்துவிடும், மொழி இன்னும் வந்திருக்காது, வீட்டு நினைப்பு வாட்டும். அது குடும்பத்தின் குறை அல்ல. ஹோஸ்ட் அம்மாவிடமே “இன்று வீட்டு ஞாபகமாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். அழுகையை மறைத்து அறைக்குள் இருந்தால், தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவர்கள் நினைப்பார்கள். சின்ன மனத்தாங்கல் என்றால் மன்னிப்பை முதலில் சொல்லிவிட்டு, சொல்ல வந்ததைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். “என் தோழியின் ஹோஸ்ட் வீட்டில் இதற்கு விடுவார்கள்” என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை வேறு. யாராவது தகாத முறையில் தொடுவது, பேசுவது, சாப்பாடு மறுப்பது, அடிப்பது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது. இதில் எது நடந்தாலும் நன்றிக்கடன் பற்றி யோசிக்காதீர்கள். அன்றே திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், ஆபத்து என்றால் 110. பொறுப்பாளர் எண்ணைப் போனிலும் தாளிலும் வைத்திருங்கள். நீண்டகாலம் தங்குபவர்களில் 16 வயது நிரம்பியவர்கள் தங்கும் உரிமை அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். குணம் ஒத்துவராமல் வீடு மாற நேர்ந்தால், அதில் யாருக்கும் அவமானம் இல்லை. இந்தத் திட்டங்களில் நடக்கக் கூடியதுதான்.

படி 12: கிளம்பும்போதும் அதன் பிறகும்

கடைசி வாரத்தில் அறையைத் துடைத்து, மெத்தையை மடித்து, கப்போர்டைக் காலி செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கையால் ஒரு கடிதம், ஹிரகானா என்னும் எளிய ஜப்பானிய எழுத்தில் ஐந்து வரி போதும். ஒகாசானுக்கு எழுதும்போது பொதுவாக நன்றி என்று எழுதாமல், எந்த நாளில் எதைச் செய்தார், அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பதார்த்தத்தின் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், ஊரில் செய்து படம் அனுப்பலாம்.

ஊர் வந்து சேர்ந்ததும் அன்றே ஒரு செய்தி, ஒரு வாரத்துக்குள் பெற்றோர் கையெழுத்தோடு ஒரு கடிதம். அப்புறம் வருடாவருடம் நெங்காஜோ என்னும் புத்தாண்டு அஞ்சலட்டை. ஜப்பானுக்குள் டிசம்பர் 25க்குள் போட்டால் ஜனவரி 1 அன்று கொண்டுவந்து தருவார்கள். நம் ஊரிலிருந்து என்றால் டிசம்பர் தொடக்கத்திலேயே தபாலில் சேர்த்துவிட வேண்டும். அந்த வருடம் குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் அவர்கள் புத்தாண்டு வாழ்த்துப் பரிமாறிக்கொள்ள மாட்டார்கள். அதைத் தெரிவிக்கும் அட்டை ஆண்டுக் கடைசியில் உங்களுக்கும் வரலாம். வந்தால் வாழ்த்து அட்டையை நிறுத்திவிட்டு, ஆறுதலாகச் சில வரிகள் எழுதி அனுப்புங்கள்.